வலிகாமம் தென்மேற்கு என்று ஓர் ஊர் இல்லை

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் குப்பை ட்ரக்டர் வரும். ஒழுங்கைக்கு என்று சொல்வது பாதிப் பொய். ஒழுங்கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வரும். மற்றப் பக்கம் வேறு சபை, அவர்களுடைய நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு அடி அகலத்தில் கல்லுப் போட்ட பாதை. அதன் நடுவால் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு உள்ளூராட்சிச் சபைகளின் எல்லை ஓடுகிறது. எந்த இரண்டு சபை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் படலையடியில் வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற எனக்கு வசதி போதாது.

எதிர்வீட்டு மாமி இந்த எல்லையை எப்போதோ வென்றுவிட்டார். செவ்வாய் விடிய முதலே தன்னுடைய பையைக் கொண்டுவந்து எங்கள் மதிலோடு சாத்திவிடுவார். வெள்ளிக்கிழமை நாங்கள் எங்கள் பையை அவருடைய வேலியோடு வைப்போம். சபைகள் இணையாமலே எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாரத்தில் இரண்டு தரம் குப்பை போகிறது.

தெருவிளக்கில்தான் மாட்டிக்கொண்டோம். கம்பம் ஒரு பக்கம், அதன் வெளிச்சம் விழுவது மற்றப் பக்கம். போன மாரியில் மின்குமிழ் செத்தபோது ஒரு கந்தோரில் “கம்பம் நிக்கிற பக்கத்தில கேளுங்கோ” என்றார்கள். மற்றக் கந்தோரில் “வெளிச்சம் ஆருக்கு விழுது? அவையைக் கேளுங்கோ” என்றார்கள். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் ஏணி வைத்து ஏறி மாட்டினான். மின்குமிழ் எங்கள் காசு, ஏணி மாமியுடையது.

இதைத் தொலைபேசியில் தங்கச்சிக்குச் சொன்னேன். கனடாவில் இருக்கிறாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணா, உங்கை எல்லையெண்டாலும் இருக்கு. நான் வந்து இறங்கின ஊர் இப்ப மப்பிலயே இல்லை.”

அவள் போய் இறங்கியது 1994இல், ஸ்காபரோவுக்கு. அப்போது ஸ்காபரோ தனி மாநகரம். தனி மேயர், தனிச் சபை, தனி வரி. 1998 ஜனவரி முதலாம் திகதி விடிந்தபோது அந்த மாநகரம் இல்லை. ரொறன்ரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க், ஸ்காபரோ என்ற ஆறையும் ஒன்றாக்கி, ஒன்ராறியோ மாகாண அரசு ஒரே ரொறன்ரோவை உண்டாக்கியிருந்தது. அவள் வீடு மாறவில்லை, வேலை மாறவில்லை, ஆனால் மாநகரம் மாறிவிட்டது.

அந்த இணைப்பு திடீரென்று வந்ததல்ல. 1954இல் ரொறன்ரோவையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று சபைகளுக்கு மேலே ‘மெற்றோ’ என்று ஒரு கூரை போட்டார்கள். தண்ணீர், கழிவுநீர், பெருந்தெரு போன்ற பெரிய வேலைகள் கூரைக்கு. ஒழுங்கை, பூங்கா, குப்பை போன்றவை கீழே அந்தந்த ஊருக்கு. 1967இல் பதின்மூன்று ஆறாகச் சுருங்கியது. மூன்றாவது அடியில் ஆறு ஒன்றாகியது. 1997 மார்ச்சில் அங்கத்தைய சபைகளே வாக்கெடுப்பு வைத்துச் சனத்தைக் கேட்டன. வாக்குப் போட்டவர்களில் நாலில் மூன்று பங்கு வேண்டாம் என்றது. மைக் ஹரிஸின் மாகாண அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டசபையில் நடந்த கூத்து. சட்டமூலத்தைத் தடுக்க வழியில்லாத எதிர்க்கட்சிகள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொண்டுபோய்க் கொட்டின. பெரும்பாலான திருத்தங்களில் ஒரே வாசகம்தான், தெருவின் பெயர் மட்டும் வேறு. இந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் செய்யாதே, அடுத்த தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் செய்யாதே என்று, நகரத்தின் தெருப் பெயர்களை இரவு பகலாக நாள் கணக்கில் வாசித்தார்கள். ஓர் ஊரைக் கலைக்கப் போகிறாய் என்றால் அதிலுள்ள ஒவ்வொரு ஒழுங்கையின் பெயரையும் ஒருமுறை உன் காதால் கேள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் செய்தார்கள். தோற்றார்கள். ஆனாலும் எங்கள் மாகாண சபையில் யாராவது கொக்குவில் ஒழுங்கைகளை அப்படி வாசிக்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை.

பெயர் ரொறன்ரோவுக்குப் போனது. கதிரை போகவில்லை. புதிய மாநகரத்தின் முதல் மேயர் தேர்தலில் பழைய ரொறன்ரோவின் மேயர் பார்பரா ஹோல் தோற்று, நோர்த் யோர்க்கின் மேயராக இருந்த மெல் லாஸ்ற்மன் வென்றார். விழுங்கப்பட்டதாக நினைத்த புறநகர்களில்தான் வாக்கு அதிகம். சேமிக்கலாம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். ஆறு சபைகளின் சம்பளத்தையும் சேவையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும்போது யாரையும் கீழே இறக்க முடியாதல்லவா, எல்லாரையும் மேலே தூக்கவேண்டி வந்தது. எதிர்பார்த்த சேமிப்பு வரவில்லை.

சரி, ஸ்காபரோ என்ன ஆனது? தங்கச்சி இன்றைக்கும் பொதியில் ஸ்காபரோ என்றுதான் விலாசம் எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேருகிறது. எங்கள் சனம் ‘ரொறன்ரோவில இருக்கிறம்’ என்று வெளியாருக்குச் சொல்லும், தங்களுக்குள் ஸ்காபரோ, மார்க்கம் என்றுதான் பேசும். இத்தனைக்கும் அந்தப் பெயர் ஒன்றும் அந்த மண்ணில் முளைத்ததல்ல. 1793இல் அங்கே வந்த ஆங்கிலேய ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ ஏரிக்கரையின் செங்குத்துப் பாறைகளைப் பார்த்து, ஊரில் யோர்க்ஷயரிலுள்ள ஸ்காபரோவை நினைத்து வைத்த பெயர். ரொறன்ரோவே 1834 வரை யோர்க். பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள், வாடகைக்கு வந்த பெயர் குடியிருந்துவிட்டது.

பாரிசிலிருக்கும் எங்கள் ஆட்களின் லாச்சப்பலும் அப்படித்தான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியிலிருந்து தாலிக்கொடி வரை வாங்கக்கூடிய அந்தத் தெருக்கள் 1860 வரை பாரிசுக்கு வெளியே ஒரு தனி ஊர். அந்த வருடம் பாரிஸ் தன் எல்லையை அகட்டியபோது மொன்மார்த், பெல்வில் ஆகியவற்றோடு இதையும் உள்ளே இழுத்துக்கொண்டு, வட்டார இலக்கம் கொடுத்தது. நூற்று அறுபது வருடத்துக்கு மேலாயிற்று. மச்சானிடம் கேட்டால் “லாச்சப்பலுக்குப் போறன்” என்கிறான். பதினெட்டாம் வட்டாரத்துக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதே கிடையாது.

இனி இங்கே வருவோம்.

மானிப்பாயில் ஒருவரை மறித்து எந்த ஊர் என்று கேளுங்கள். மானிப்பாய், ஆனைக்கோட்டை, நவாலி, சண்டிலிப்பாய் என்று ஏதாவது ஒரு பதில் வரும். சிலர் இன்னும் இறங்கிக் கோயிலடி, சந்தியடி வரை போவார்கள். இந்த ஊர்களுக்கெல்லாம் ஒரே சபை. அதன் பெயர் வலிகாமம் தென்மேற்கு பிரதேச சபை. வலிகாமம் என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதிக்கு உள்ள பழைய பெயர். “நான் வலிகாமம் தென்மேற்கு” என்று ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று கேட்டு, தென்மேற்கு என்று பதில் வந்தால் வாஸ்து சொல்கிறார்கள் என்றுதான் பெண் வீட்டார் நினைப்பார்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ளூராட்சிச் சபைகள் பதினேழு. மாநகர சபை ஒன்று. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி என்று நகர சபை மூன்று. மிச்சம் பதின்மூன்றும் பிரதேச சபை. அதில் வலிகாமத்துக்கு மட்டும் ஐந்து. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு திசையையும் பங்கிட்டு முடித்த பிறகு ஐந்தாவதற்குத் தென்மேற்கு. வடமராட்சியிலும் ஒரு தென்மேற்கு இருக்கிறது. கரவெட்டி, நெல்லியடிப் பக்கத்தை அப்படிச் சொல்ல வேண்டுமாம்.

இதில் நான் வெகுநாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து வரும் நிர்வாகத்தின் கை, அதாவது பிரதேச செயலகம், ஊர்ப் பெயரில் அழைக்கப்படுகிறது. உடுவில் பிரதேச செயலகம், தெல்லிப்பழை பிரதேச செயலகம், கோப்பாய், சங்கானை, சண்டிலிப்பாய், கரவெட்டி. அதே நிலத்தில் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் சபைக்குத் திசைப் பெயர். உடுவில் என்றால் செயலகம், வலிகாமம் தெற்கு என்றால் சபை. சங்கானை என்றால் செயலகம், வலிகாமம் மேற்கு என்றால் சபை. அரசாங்கத்துக்கு ஊர் கிடைத்தது, எங்களுக்குத் திசைகாட்டி கிடைத்தது. புதிதாக வீடு கட்ட வரைபடம் கொண்டு போகிறவர்கள் முதல் நாள் தவறான கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வருவது இதனால்தான்.

திசைப் பெயர் எங்கிருந்து வந்தது? மணியகாரர் காலத்து வருவாய்ப் பிரிவுகளிலேயே வலிகாமம் வடக்கு, மேற்கு, கிழக்கு உண்டு. வரி தண்டுகிறவனுக்கு ஊர்களின் ரோசம் தேவையில்லை, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். பிறகு அது உதவி அரசாங்க அதிபர் பிரிவாயிற்று. அதற்குக் கீழே, சனத்துக்குப் பக்கத்தில், கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஊர்ப் பெயரோடு இருந்தன. சைக்கிளுக்கு வருடாவருடம் லைசன்ஸ் எடுப்பதும் அங்கேதான். அப்பா சாகும்வரை பிரதேச சபையைக் கிராமச்சபைக் கந்தோர் என்றே சொன்னார். நாங்கள் திருத்துவோம், அவர் அடுத்த தரமும் அப்படியே சொல்வார்.

அந்தச் சபைகள் எப்போது செத்தன என்று கேட்டால் எங்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. 1981இல். நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராம சபைகளையும் எண்பதுக்கும் மேற்பட்ட பட்டின சபைகளையும் கலைத்துவிட்டு, மாவட்டத்துக்கு ஒன்றாக அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த அபிவிருத்திச் சபைத் தேர்தல் 1981 ஜூன் 4ஆம் திகதி. அதற்கு முன்னைய நாட்களில் என்ன நடந்தது என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் மாநகர சபையின் பொது நூலகம் எரிந்தது, தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு. அந்த நெருப்பின் வெளிச்சத்தில் வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கிராம சபைகள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்ததை நினைவில் வைத்திருக்க யாருக்கும் நெஞ்சில் இடமிருக்கவில்லை. அதில் பிழை சொல்ல முடியாது.

அபிவிருத்திச் சபைகளும் நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்து, 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. கலைந்த கிராம சபைகளைப் பழையபடி எழுப்பாமல், உதவி அரசாங்க அதிபர் பிரிவின் அளவுக்கு அள்ளிக் கட்டினார்கள். அள்ளிக் கட்டியதோடு அந்தத் திசைப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. நாங்கள் வாழ்ந்துகொண்டிருப்பது ஒரு பெரிய இணைப்புக்குள். ஆனால் ரொறன்ரோக்காரர் போல நாங்கள் வாக்கெடுப்பும் வைக்கவில்லை, ஒழுங்கைப் பெயர் வாசிக்கவும் இல்லை. அந்த வருடங்களில் எங்களுக்கு உயிர் தப்புகிற வேலை இருந்தது. இன்றைக்கும் ‘இணைப்பு’ என்று சொன்னால் இங்கே யாருக்கும் உள்ளூராட்சி நினைவு வராது. 1988இல் சேர்த்து, 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்த வடக்கு கிழக்குத்தான் நினைவு வரும்.

திசைப் பெயர் வைத்ததற்கு ஒரு நல்ல காரணமும் சொல்லலாம். ஓர் ஊரின் பெயரைச் சபைக்கு வைத்தால் பக்கத்து ஊர் முகத்தை நீட்டும். எங்கள் ஆட்கள் கோயில் திருவிழாவில் எந்த ஊர்ச் சப்பறம் உயரம் என்று வருடக்கணக்கில் கதைக்கக்கூடியவர்கள். தென்மேற்கு என்று வைத்தால் யாருக்கும் கோபம் வராது. உரிமை கொண்டாடவும் யாரும் வரமாட்டார்கள், அதுதான் சிக்கல். தெருவிளக்கு எரியாவிட்டால் ‘எங்கட சபை’ என்று ஏசக்கூட அந்தப் பெயரில் ஒரு பிடி கிடையாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நினைத்தால் என் வாதம் ஆட்டம் காண்கிறது. வலி வடக்கு. பத்திரிகைகள் இடம் மிச்சம் பிடிக்க வலிகாமத்தை ‘வலி’ என்று சுருக்கும். 1990இல் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனபின் அந்தச் சுருக்கத்தில் இன்னொரு பொருள் தானாக ஏறியது. வெறும் திசைப் பெயராக இருந்தது ஒரு சனத்தின் பெயராயிற்று: வலி வடக்கு மக்கள். மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடம். அவ்வளவு காலமும் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், கால் வைத்தே பார்த்திராத ஊரைச் சொல்லி ‘நாங்கள் மயிலிட்டி’ என்றார்கள். நிலமில்லாமலே ஒரு பெயர் அவ்வளவு காலம் நிற்கும் என்றால், சபை மாறுவதால் ஓர் ஊர்ப் பெயர் அழியும் என்ற பயம் எனக்கு இல்லை.

பெயர்க் குழப்பத்தில் முதல் பரிசு நல்லூருக்கு. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நல்லூர் பிரதேச சபைக்குள் இல்லை, மாநகர சபைக்குள் இருக்கிறது. இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு வீதி மறிப்பதும் கடைகளுக்கு இடம் கொடுப்பதும் மாநகர சபை. அந்த மாநகர சபையின் கந்தோரே, கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பழைய நகர மண்டபம் போரில் அழிந்தபின், பல வருடம் நல்லூரில்தான் இயங்கியது. நல்லூர் பிரதேச சபைக்குள் இருப்பவை திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில். ஆகையால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண மாநகரத்துக்குள் இல்லை. 2019இல் திறந்த யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் இன்னும் வடக்கே, பலாலியில். கொழும்பிலிருந்து வருகிற நண்பருக்கு இதை விளங்கப்படுத்தப் போய் இரண்டு தரம் கைவிட்டிருக்கிறேன்.

பருத்தித்துறையில் வேறு விதம். பருத்தித்துறை நகர சபை ஒன்று, பருத்தித்துறை பிரதேச சபை ஒன்று. சாவகச்சேரியும் அப்படியே இரட்டை. வழிகாட்டிப் பலகையைப் பார்த்தால் மூன்று மொழியில் மூன்று ஊர்: தமிழில் பருத்தி ஏற்றிய துறை, ஆங்கிலத்தில் பொயின்ற் பீட்றோ, சிங்களத்தில் பேதுருதுடுவ. ஒல்லாந்தர் இன்னும் துணிந்தவர்கள். காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் வேலணைக்கு லைடன் என்றும் தங்கள் நாட்டு நகரங்களை இங்கே இறக்கிப் பார்த்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் தப்பியது. காரைதீவு பிறகு காரைநகர் ஆனது, கிழக்கிலுள்ள காரைதீவோடு குழம்பக்கூடாது என்று.

இப்போது கேள்வி. யாழ்ப்பாண மாநகரத்தை அகட்டினால் என்ன? தேத்தண்ணிக் கடையில் இது அவ்வப்போது எழும்புகிற கதை. அகட்ட வேண்டும் என்பவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. மாநகர சபையின் பரப்பு இருபது சதுர கிலோமீற்றர் அளவுதான். 1949இல் மாநகர சபையானது. 1981 கணக்கெடுப்பில் உள்ளே 118,000 பேர் அளவில் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் 88,000 பேர். மாநகரம் மெலிந்துவிட்டது, ஆனால் பட்டணம் மெலியவில்லை. பலாலி வீதியால் சைக்கிளில் போனால் கந்தர்மடம் தாண்டிப் பரமேஸ்வராச் சந்திக்கு வருவதற்குள் மாநகர எல்லை முடிந்துவிடும். கட்டடம் முடியாது. திருநெல்வேலிச் சந்தியின் நெரிசலைப் பார்த்துவிட்டு இது கிராமம் என்று யாராவது சொல்லட்டும்.

நிலத்தடித் தண்ணீருக்கும் எல்லை தெரியாது. எங்களுக்கு ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் தாண்டி, அராலியில் கடலில் விழுவதற்குள் வலிகாமத்தின் நாலு பிரதேச சபைகளைக் கடந்துவிடும். ஒரு சபை தூர்வாரி, அடுத்த சபை விட்டால் வெள்ளம் யாருடைய வீட்டுக்குள் போகும்? கீழே சுண்ணக்கல். ஒரு வளவின் மலகூடக் குழி பக்கத்து வளவின் கிணற்றோடு கதைத்துக்கொண்டிருக்கும். 2014, 2015 காலத்தில் சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது அது எந்தச் சபையின் எல்லையிலும் நிற்கவில்லை. தண்ணீரையும் குப்பை கொட்டுகிற இடத்தையும் பதினேழு சபைகள் பதினேழு விதமாகப் பார்க்க முடியாது. ரொறன்ரோவின் முதல் அடி, அந்த 1954இன் கூரை, எங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பெரிய வேலைக்கு ஒரு கூரை, கீழே அவரவர் அடுப்பு.

மூன்றாவது அடிதான் எனக்குப் பயம். சென்னை 2011இல் சுற்றியிருந்த நாற்பத்திரண்டு உள்ளாட்சிகளை விழுங்கி, 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆனது. அவ்வளவு பெரிய உடம்புக்கு ஓர் ஒழுங்கையில் எறும்பு கடிப்பது தெரியுமா? கிழக்கிலுள்ள கல்முனைக்காரரைக் கேட்டால் இன்னும் சூடாகச் சொல்வார்கள். ஒரு பட்டின சபையும் மூன்று கிராம சபைகளுமாக இருந்த நாலையும் 1987இல் ஒன்றாக்கியதை, அதற்குள் அடங்கிய ஊரான சாய்ந்தமருது இன்றுவரை ஏற்கவில்லை. அவர்கள் பல வருடம் கேட்ட தனிச் சபைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. வெடி கொளுத்திய புகை அடங்குவதற்குள், சில நாட்களிலேயே, அது நிறுத்தி வைக்கப்பட்டது. கனடாவில் மொன்றியல் 2002இல் சேர்த்ததை 2006இல் பதினைந்து ஊர்கள் பிய்த்துக்கொண்டு போயின. சேர்த்தபின் பிரிப்பதற்கு ஒருவரும் வழி எழுதி வைப்பதில்லை, மொன்றியல்காரர் அதிஷ்டசாலிகள்.

கிராம சபைக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்தக் கோயிலுக்குள் யார் போகலாம் என்று ஊரே தீர்மானித்த காலம் அது. சபை சிறியது என்பதால் அது சிறிய மனிதர்களின் சபையாக இருக்கவில்லை. தூரத்தில், முகம் தெரியாத ஓர் எழுதுவினைஞர் இருக்கிற கந்தோர் சிலருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஊருக்குள் நடந்ததை ஊரிடமே முறையிட முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

ஆனாலும் வேலிக்கு மேலால் கூப்பிட்டு ஏசக்கூடிய தூரத்தில் ஓர் உறுப்பினர் இருப்பது ஒரு சௌகரியம். 2018 பெப்ரவரித் தேர்தலில் புதிய முறைப்படி யாழ்ப்பாண மாநகர சபை உறுப்பினர் தொகை 23இலிருந்து 45 ஆனது. அதே வருடம் ஒக்ரோபர்த் தேர்தலுக்கு ரொறன்ரோவின் சபையை மாகாண அரசு 25 ஆகக் குறைத்தது, அதுவும் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே. எங்களுடைய மாநகரத்தில் ஒரு இலட்சத்துக்குக் குறைவு, அங்கே 27 இலட்சத்துக்கு மேல். இதைக் கேட்டுத் தங்கச்சி சொன்னாள்: “எங்கட கவுன்சிலரை நான் ரீவியிலதான் கண்டிருக்கிறன்.” எங்கள் உறுப்பினரை நான் கிழமைக்கு மூன்று தரம் சந்தையில் காண்கிறேன். அவர் என்னைக் கண்டதும் கத்தரிக்காய் தெரிவதில் மும்முரமாகிவிடுவார் என்பது வேறு கதை. நாற்பத்தைந்து பேர் இருந்தும் ஒரு மின்குமிழ் எரியவில்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய ஆள் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

எல்லையைத் திருப்பிக் கீற வாய்ப்புக் கிடைத்தால் இன்னொன்றும் கேட்பேன். திசையை விட்டுவிட்டு அந்த மண்ணிலிருந்து ஒரு பெயர் எடுங்கள். ஊர்ப் பெயர் சண்டையாகும் என்றால் வழுக்கையாறு இருக்கிறது, கந்தரோடை இருக்கிறது. ஆற்றின் பெயருக்கு எந்த ஊர் கோபிக்கும்? கோபிக்கும் என்று இப்போதே தெரிகிறது, எங்கள் ஆட்கள் அல்லவா.

போன செவ்வாய் மாமி பையோடு ஒழுங்கையைக் கடந்து வந்தபோது இதையெல்லாம் கொஞ்சம் சொன்னேன். ரொறன்ரோ, லாச்சப்பல், கூரை, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பையை மதிலோடு சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப, தம்பி, எல்லாத்தையும் ஒண்டாக்கினா ட்ரக்டர் செவ்வாய்க்கிழமை வருமோ, வெள்ளிக்கிழமை வருமோ?”